பூட்டிய வீடுகளைத் தேடிப் போனவருக்கு

மாதிரித் தெரிவுப் பிரிவின் மாண்புமிகு தலைவரே! மனம்போன போக்கில் ஓர் எண்ணும் சொல்லாத மதிநுட்பமே! கதவு திறந்தவர் சொன்னதை மட்டும் கேட்டு ஊர் சொன்னது என்று எழுத மறுத்த உறுதியே! எங்கள் ஆய்வகத்தின் அறிவே, அன்பே, மாலை ஆறு மணிக்கு மேலும் எங்களை வீட்டுக்கு விடாத அச்சமே! வணக்கம்.

இப்படி ஒரு மடல் வேண்டாம் என்றே நீங்கள் சொன்னீர்கள். "ரிட்டயர் ஆகிறவங்களைப் பத்தி விழாவுல பேசுறவங்க எல்லாரும் நல்லதுதான் சொல்வாங்க. பிடிக்காதவங்க லீவு போட்டிருப்பாங்க. இதை வெச்சு என்ன முடிவுக்கு வர முடியும்?" என்று கேட்டீர்கள். நாங்கள் விடவில்லை. கடைசியில், "வாசிச்சுத்தான் ஆகணும்னா நடந்ததைச் சொல்லுங்க, போதும்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே இதை எழுதினோம்.

உங்களை நேரே பார்த்து 'நீங்கள்' என்று வாசிக்கத்தான் முதலில் நினைத்தோம். ஒத்திகையிலேயே குரல் நிற்கவில்லை. மேலும், ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரைப் பற்றிக் கேட்டால் வருவது மரியாதை, உண்மை வேறு எங்கோ இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான். ஆகவே இனிமேல் 'அவர்' என்றே சொல்லப் போகிறோம். முன்வரிசையில் அவர் அமர்ந்திருப்பதைச் சற்று நேரம் மறந்துவிடப் போகிறோம்.

முதலில் ஒரு மாலை. அன்று விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. அலுவலக ஜீப் அவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்கி நடந்தார். படியேறப் போன நேரத்தில் பின்னாலிருந்து ஓட்டுநர் கூப்பிட்டார்: "அக்கா, குடை!" பின்சீட்டில் மறந்து வைத்த குடை. அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். "மழையே இல்லை, எதுக்குத்தான் இதைத் தினமும் தூக்கிட்டு வர்றேனோ" என்றார். "மழை வராத நாள்லதான் அக்கா குடை பத்திரமா இருக்கும்" என்றார் ஓட்டுநர். இருமினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவ்வளவுதான். மறுநாள் காலை வாசலுக்கு ஜீப் வரவில்லை.

அந்த ஓட்டுநருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தியதில்லை. எங்கள் எல்லாருக்கும் அவர் பிரேக்கு அண்ணன். தேநீர்க் கடை எந்தத் திருப்பத்தில் தெரிந்தாலும் அவர் கால் தானாகப் போய் அழுத்தும். "வண்டி சூடாயிடுச்சு" என்பார். சூடு வேண்டியிருந்தது அவருக்கு. எங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகச் சுற்றியவரும், மீதிப் பேரின் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். பிரிவுத் தலைவரை மட்டும் அவர் 'மேடம்' என்று சொன்னதே இல்லை. முதல் நாளிலிருந்தே அக்கா. அக்காவுக்கு அவரும் முதல் நாளிலிருந்தே தம்பி.

இனி, அந்த அக்கா எங்களிடையே எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது.

எங்கள் வேலை எளிமையானது. ஊரில் எல்லாரையும் கேட்க முடியாது. மாதிரிக்குச் சிலரைக் கேட்கிறோம், எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறோம். அந்தச் 'சிலர்' யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சிலர் பெரும்பாலும் நிழலில் நின்றவர்கள், சிரித்த முகத்தோடு இருந்தவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள். அவர் வந்த முதல் மாதத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வு முடிந்து நாங்கள் திரும்பியிருந்தோம். வெளிநோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது கேள்வி. காத்திருப்பு அப்படியொன்றும் மோசமில்லை என்று வந்திருந்தது. களப்பிரிவுத் தலைவர் பெருமையோடு தாள்களை நீட்டினார்.

"யாரைக் கேட்டீங்க?"

"வரிசையில நின்னவங்களை, மேடம்."

"நின்னு நின்னு பார்த்துட்டு வீட்டுக்குப் போயிட்டவங்களை?"

"அவங்கதான் அங்க இல்லையே, மேடம்."

"அதைத்தான் கேக்குறேன்."

களப்பிரிவுத் தலைவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவரைப் போல எங்கள் தலைவருக்கு வக்காலத்து வாங்கியவர் எவரும் இல்லை.

இன்னொரு முறை, மக்களுக்கு ஓய்வு நேரம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு குழு போய் வந்தது. ஊரில் எல்லாருக்கும் நிறைய ஓய்வு இருப்பதாக முடிவு. அவர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம். "நேரம் இல்லாதவன் நின்னு பதில் சொல்லியிருப்பானா?" என்றார். "தொட்டித் தண்ணியை மேலாக மொண்டு பார்த்தா தெளிவாத்தான் இருக்கும். வண்டல் அடியில கிடக்கும். கையை விட்டுக் கலக்குங்க."

கலக்கச் சொன்னவர் கலக்கவும் செய்தார். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை ஆள் முடிவு செய்யக் கூடாது, குலுக்கலில் வரும் எண் முடிவு செய்யட்டும் என்பது அவர் சட்டம். எண் வந்த வீட்டில் கடிக்கிற நாய் இருக்கலாம், லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடியாக இருக்கலாம், குடும்பச் சண்டை நடந்துகொண்டிருக்கலாம். வந்தது வந்ததுதான். மாற்றக் கூடாது. பூட்டியிருந்தால் இன்னொரு நாள், இன்னொரு வேளையில் மறுபடி போக வேண்டும். மறுபடியும் பூட்டியிருந்தால் விடுமுறை நாளில் போக வேண்டும். "பூட்டு தானாத் தொங்காது. தொங்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காரணத்தைத் தேடித்தானே நமக்குச் சம்பளம் கொடுக்குறாங்க?" இதனால்தான் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பூட்டு மேடம்' என்று பெயர் வந்தது. பூட்டு மேடம் கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்காமல் யார் யார் வரவில்லை என்றுதான் முதலில் விசாரிப்பார் என்று கணினிப் பிரிவில் ஒரு கேலி உண்டு. அது அவர் காதுக்கும் போனது. "விசாரிக்க வேண்டிய விஷயம்தானே" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த உருக்காலை ஆய்வு வந்து சேர்ந்தது.

ஆலையை ஒட்டிய தெருக்களில் இருந்தவர்கள் புகையால் மூச்சு முட்டுகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஆலைக்காரர்கள் மறுத்தார்கள். ஆலைக்கு அனுமதி புதுப்பிக்கும் சமயம் நெருங்கியது. ஆலைப் பக்கத்துத் தெருக்களில் நெஞ்சு நோய் மற்ற தெருக்களைவிட அதிகமா இல்லையா என்று கண்டு சொல்லும்படி அரசிலிருந்து எங்களிடம் கேட்டார்கள். அதிகம் என்றால் அனுமதி நிற்கும், புகைபோக்கிக்கு வடிகட்டி வரும். இல்லை என்றால் எல்லாம் இருந்தபடி இருக்கும். பிரேக்கு அண்ணன் குடியிருந்தது அந்தத் தெருக்களில் ஒன்றில்தான். அது எங்களுக்குத் தெரியும். கதவு எண்தான் யாருக்கும் தெரியாது.

காலம் போதாது என்று இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். இந்த ஓர் ஆய்வுக்கு மட்டும், முதல் முறை போகும்போது வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். இயக்குநர் அறைக்குள் நடந்த பேச்சு கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"சார், பகல்ல பூட்டியிருக்கிற வீடும் திறந்திருக்கிற வீடும் ஒண்ணில்லை. வேலைக்குப் போனவங்க, ஆஸ்பத்திரிக்குப் போனவங்க, முடியாம மகன் வீட்டுக்குப் போனவங்க... இவங்களை எல்லாம் தள்ளிட்டு வீட்டுல சௌக்கியமா இருக்கிறவங்களை மட்டும் எடுத்தா, ஊர் சௌக்கியம்னுதான் வரும்."

"மேடம், உங்களுக்குப் பூட்டைக் கண்டா பிரியம். எனக்குத் தேதியைக் கண்டா பயம். அறிக்கை வரலைன்னா, கேக்காமலே அனுமதி கொடுத்துடுவாங்க. அது பரவாயில்லையா?"

அவர் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இயக்குநர் கெட்டவர் அல்லர். மேலேயும் கீழேயும் இழுபட்ட மனிதர். இந்த மடலை முன்கூட்டியே அவரிடம் காட்டினோம். ஒரு வரியையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்து வீடு எடுக்கும் வழக்கம் கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்ள அந்த முறை எங்கள் தலைவரே களத்துக்கு வந்தார். புழுதியில், வெயிலில், அந்தக் குடையோடு. அப்படி ஒரு முற்பகலில்தான் பிரேக்கு அண்ணன் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தினார். களப்பிரிவுத் தலைவர் கையிலிருந்த எண்ணைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"இதான் வீடு. எப்படி அண்ணே கரெக்டா நிறுத்தினீங்க?"

"இருபது வருஷமா ராத்திரி இங்கதானே நிறுத்துறேன்! இறங்குங்க, இறங்குங்க. சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி இறங்குங்க."

"இது உங்க வீடா?"

"பேருக்குத்தான் என் வீடு. ஆளுறது எல்லாம் அவதான்."

கதவில் பூட்டுத் தொங்கியது. அவர் மனைவி தையல் கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில். சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. கொடியில் ஒரு காக்கிச் சட்டை காய்ந்தது, அதன் தோள்பட்டையில் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது.

"பூட்டை ஏன் அக்கா பார்க்கிறீங்க? வீட்டுக்காரன் இங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான். கேளுங்க, சொல்றேன். இருமல் இருக்கா? இருக்கு. எவ்வளவு நாளா? அதை நீங்களே சொல்லுங்க, தினமும் காது கொடுத்துக் கேட்டுட்டுத்தானே வர்றீங்க!"

எல்லாரும் சிரித்தோம். களப்பிரிவுத் தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"வேண்டாம்" என்றார் அவர்.

"ஏன் மேடம்? எண்ணு வந்த வீடு. ஆளும் இருக்காரு."

"நம்ம ஆபீஸ் ஆளு. நம்ம வண்டியில உக்காந்துட்டு, நம்ம எதுக்கு வந்திருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்றாரு. நாளைக்கு ஆலைக்காரங்க கேப்பாங்க: சொந்த டிரைவரையே நோயாளியா எழுதிக்கிட்டீங்களான்னு. அதோட மொத்த ஆய்வும் குப்பைக்குப் போகும்." பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னார்: "தம்பி, உங்க தெருவுக்காகத்தான் வேண்டாங்கிறேன். புரியுதா?"

"அப்ப என் இருமல் கணக்குல வராதா?"

"வராது."

"இத்தனை நாளும் வெட்டியா இருமியிருக்கேன், பாருங்க" என்று சொல்லி, அவரே பக்கத்து வீட்டைக் கை காட்டினார். "அங்க போங்க. புதுசாக் கல்யாணம் ஆனதுங்க. போன மாசம்தான் குடி வந்தாங்க. நல்ல பிள்ளைங்க, தண்ணி கொடுப்பாங்க."

அந்த இளம் தம்பதி தண்ணீர் கொடுத்தார்கள். இருமல் இல்லை, சளி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. ஆலைப் புகையை நான்கு வாரம் சுவாசித்த இருவர், இருபது ஆண்டு சுவாசித்த ஒருவரின் இடத்தில் எழுதப்பட்டார்கள்.

அவர் செய்தது தவறா என்று எங்களுக்குள் இன்றும் வாதம் ஓயவில்லை. அன்று மாலை மறுபடி வந்து, வீட்டில் வைத்து, வெளியாள் ஒருவரை விட்டுக் கேட்டிருக்கலாம். பழைய சட்டம் அதைத்தான் சொல்லும். புதிய சுற்றறிக்கை பக்கத்து வீட்டைக் காட்டியது. ஒரு சார்பை வாசலில் நின்று தடுத்த அதே நேரத்தில் இன்னொன்று கொல்லை வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தச் சார்பும் இல்லாமல் பார்த்துப் பழகிய ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எங்களைப் போன்ற சாதாரண ஆட்களாக இருந்தால் அண்ணனைக் கேட்டு எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்போம்.

அறிக்கை வந்தது. ஆலைத் தெருக்களுக்கும் மற்றத் தெருக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால், பூட்டிய வீடுகளுக்குப் பதில் பக்கத்து வீடுகள் எடுக்கப்பட்டன என்று கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. செய்தித்தாள் முதல் வாக்கியத்தை மட்டும் போட்டது. ஆலைக்கு அனுமதி கிடைத்தது.

அன்று காலை அவர் ஜீப்பில் ஏறியபோது அண்ணன் செய்தித்தாளை மடித்துக் காட்டினார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அக்கா, பார்த்தீங்களா? எங்க தெருவுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"தம்பி, அது மொத்தத் தெருவோட சராசரி. உங்களைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லை."

"சராசரிக்கு ஒண்ணும் இல்லைன்னா எனக்கும் இல்லை. நான் என்ன பெரிய ஆளா?"

"நீங்க டாக்டரைப் பாருங்க. முதல்ல அதைச் செய்யுங்க."

"வீட்டுலயும் இதே பாட்டுத்தான். அக்கா, டாக்டர் ஒரு ஆளைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாரு. நீங்க தெருவையே பார்த்துச் சொல்லியிருக்கீங்க. நான் யாரை நம்பணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்ல வாயெடுத்தார் என்று பின்னால் உட்கார்ந்திருந்த கணினிப் பிரிவுப் பெண் சொல்கிறாள். அதற்குள் அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டார். அதன்பின் வந்த மாதங்களில் அவர் எத்தனையோ முறை டாக்டரைப் பற்றிப் பேச்செடுத்தார். ஒவ்வொரு முறையும் அண்ணன் அறிக்கையையே எடுத்து வீசினார். அவருடைய அறிக்கையையே அவர் மேல்.

குடையைக் கொடுத்துவிட்டுப் போன அந்த இரவில்தான் அண்ணனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. நாங்கள் மருத்துவமனைக்குப் போனபோது உதடு நீலம் பாரித்திருந்தது. நுரையீரல் இரண்டும் கல்லாகிவிட்டன என்றார் மருத்துவர். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று, எல்லா மருத்துவர்களும் சொல்வதைச் சொன்னார். இந்த முறை அது உண்மையாகவும் இருந்தது.

எங்கள் தலைவர் கட்டிலருகே நின்றார். அண்ணன் முகமூடியைச் சற்று விலக்கிவிட்டு, "அக்கா, இங்க வந்து யாராவது மாதிரி எடுத்தா நான் கணக்குல வருவேனா?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் 'வருவீங்க' என்று சொல்லியிருப்பார்கள். அவரால் முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில எடுத்தா எல்லாருமே நோயாளிதான், தம்பி. அதுவும் சேராது."

"இங்கேயும் இல்லையா!" என்று சிரித்தார் அண்ணன். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க வெகு நேரமானது. அந்த வார்டிலிருந்து அண்ணன் திரும்பவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து சில நாள் கழித்து எங்கள் தலைவர் அந்த வீட்டுக்குப் போனார். அன்று கதவு திறந்திருந்தது. அண்ணனின் மனைவி தையல் கூடத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் இங்க வந்தீங்களாம்" என்றார் அந்த அம்மா. "அவரு வாசல்ல உக்காந்திருந்தும், வீடு பூட்டியிருக்குன்னு எழுதிக்கிட்டுப் போனீங்களாம். சாயங்காலம் வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு."

"ஆமாம்மா. நான்தான் வேண்டாம்னேன்."

"நானே கேட்டேன், ஏன் அப்படின்னு. அக்கா செஞ்சா அதுல ஒரு நியாயம் இருக்கும்னாரு. டாக்டருகிட்டப் போங்கன்னு நான் கத்துவேன். அக்காவே ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்க, உனக்கு என்ன அதைவிடத் தெரியுமா, பேசாம இருன்னுவாரு." எழுந்துகொண்டே, "டீ போடவா?" என்றார்.

திட்டியிருக்கலாம். கையை நீட்டிச் சபித்திருந்தாலும் தாங்கியிருப்பார். அந்த டீயைத்தான் அவரால் குடிக்க முடியவில்லை.

அதன்பின் மாலைகளில் அவர் வீட்டுக்கு நேரத்தில் போகவில்லை. அந்த ஆய்வில் பூட்டியிருந்த ஒவ்வொரு வீட்டையும் தேடிப் போனார். முதலில் தனியாகப் போனார். பொழுது சாய்ந்த நேரத்தில் கதவைத் தட்டும் முன்பின் தெரியாத பெண்ணுக்கு யாரும் திறக்கவில்லை. அண்ணனின் மனைவி, "நான் கூட வர்றேன், என்னைத் தெரியும் எல்லாருக்கும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த அம்மா முன்னால் போக, கதவுகள் திறந்தன.

ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஆலைக்குள்ளேயே வேலை பார்த்தார்கள். பகலில் வீடு பூட்டித்தான் இருக்கும். இருவரும் மாறி மாறி இருமிக்கொண்டே பதில் சொன்னார்கள். இன்னொரு வீட்டுக்காரர் மூச்சுக்காக மகன் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கே மருமகளோடு ஒத்துவராமல் திரும்பியிருந்தார். மற்றொரு வீட்டுப் பூட்டு துருவேறிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் நாங்கள் ஆய்வுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், நெஞ்சு நோய்தான் என்றும், குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது என்றும் எதிர்வீட்டார் சொன்னார்கள். அந்தத் துருப்பிடித்த பூட்டின் முன்னால் அவர் வெகு நேரம் நின்றார். நோயால் செத்தவர்கள் நோயைப் பற்றிய ஆய்வில் ஒருபோதும் வரமாட்டார்கள். எந்தத் தெருவிலும் நலமாக இருப்பவர்களே மிஞ்சியிருப்பார்கள். இதைப் பாடமாக அவர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். வாசலாக இப்போதுதான் பார்த்தார்.

விட்டுப்போன வீடுகளைச் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார். கணினிப் பிரிவுப் பெண் போட்டாள். முடிவு தலைகீழாக வந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே அழுதாள். அவர் அழவில்லை. தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், இந்தப் புது முடிவை வெளியிட வேண்டும். ஓய்வுக்கு முன் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இயக்குநர் முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மேடம், இந்த வீடுகளுக்கு யார் போனது?"

"நான்தான்."

"தனியாவா?"

"தம்பியோட சம்சாரமும் வந்தாங்க."

"அவரு போன பிறகு?"

"ஆமா சார்."

"துக்க வீட்டு அம்மாவை முன்னால நிறுத்திட்டுப் போய் இருமல் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. யாரு இல்லைன்னு சொல்வாங்க?" இயக்குநர் குரலில் வெற்றி இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "இதையே நம்ம களப்பிரிவுத் தலைவர் செஞ்சு உங்க மேசைக்குக் கொண்டுவந்திருந்தா, நீங்க ஏத்துக்குவீங்களா?"

கதவு அன்றும் திறந்துதான் இருந்தது. நாங்கள் எல்லாரும் தட்டச்சை நிறுத்தியிருந்தோம். அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'ஏத்துக்குவேன்' என்ற ஒரே சொல் போதும். இயக்குநர் அதற்காகக் காத்திருந்தது போலத்தான் எங்களுக்குத் தோன்றியது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரும் மேலிடத்தோடு மோதியிருப்பார்.

"மாட்டேன்" என்றார் அவர்.

அவரே தொடர்ந்தார்: "இது சரியில்லைதான். ஆனா பழசும் சரியில்லை. புதுசா ஒண்ணு பண்ணணும் சார். முறையா. வெளியாளுங்களை அனுப்பி, எல்லா வேளையிலும் போய், செத்தவங்களையும் விசாரிச்சு."

"எழுதிக் கொடுங்க. என் கையெழுத்தோட அனுப்புறேன்."

எழுதிக் கொடுத்தார். இயக்குநர் சொன்னபடி அனுப்பினார். மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது. அந்தப் பகுதியில் ஏற்கெனவே முறையான ஆய்வு ஒன்று நடத்தப்பட்டு, பாதிப்பு எதுவும் இல்லை என்று தெரியவந்துள்ளதால், இன்னொரு ஆய்வுக்கு அவசியம் எழவில்லை. அவர் அதை ஒருமுறை வாசித்தார். மடித்து வைத்துவிட்டு, களப்பிரிவுக்கு மறுநாள் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அன்று குரல் மாறவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, பூட்டிய வீட்டைப் பற்றி எங்களில் யாரையும் அவர் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தலைவரே! இனி உங்களை நேரே பார்த்தே சொல்லிவிடுகிறோம். குரல் உடைந்தால் உடையட்டும்.

உங்கள் நேர்மையைப் புகழ்வதற்காகத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தோம். எழுதி முடித்தபோது அந்த நேர்மையைப் பார்த்து எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அது ஒரு மனிதரைக் கணக்கிலிருந்து வெளியே நிறுத்தியது. பிறகு அவருக்காக நீங்கள் கட்டிய வழக்கையும் அதுவே உடைத்தது. இரண்டு முறையும் நீங்கள் சொன்னது சரி. சரியாக இருந்தும் ஒரு தெரு அப்படியே கிடக்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்லவும் துணிவில்லை. சொன்னால், இது கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதில் என்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது. எல்லாரும் கைதட்டுவார்கள். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் வர முடிந்தவர்கள் என்று நீங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது எங்களுக்குக் கேட்கிறது. உண்மைதான். அழைப்புக் கொடுக்கப் போனபோது அண்ணனின் மனைவி வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார். "மாடிப்படி ஏறினா இப்பல்லாம் மூச்சு வாங்குது, வர முடியுமான்னு தெரியலை, அக்காவை நல்லா இருக்கச் சொல்லுங்க" என்றார். அந்த அம்மா வரவில்லை. சொன்னதை மட்டும் சேர்த்துவிட்டோம்.

அந்த வாழ்த்தைவிடப் பெரிதாக எங்களிடம் ஒன்றும் இல்லை. நல்லா இருங்கள், தலைவரே. மூச்சுக் குறையாமல், முட்டி வலிக்காமல், இரவில் தூக்கம் வந்து, நெடுநாள் இருங்கள். காலையில் யாரும் உங்களை அழைக்க வண்டியோடு வரப் போவதில்லை என்பதைப் பழகிக்கொள்ளும் அளவுக்காவது இருங்கள். இனி எந்த வீட்டுக் கதவையும் நீங்கள் தட்ட வேண்டியதில்லை. எங்கள் வீடுகளுக்கு வாருங்கள், எந்த வேளையிலும் வாருங்கள். திறந்து வைத்திருப்போம்.

இவண்,
உங்களிடம் திட்டு வாங்கி வளர்ந்த
களப்பிரிவு, கணினிப் பிரிவு, அச்சுப் பிரிவு, அலுவலக உதவியாளர்கள், காவலர்.

ஓட்டுநர் பணியிடம் இன்னும் காலி.